ஊர் கூடி நட்ட கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன?

ஏரிக்கரையிலும் தெருவோரத்திலும் ஊர் கூடிக் கன்று நட்டோம், கோடையில் பாதி பட்டுப்போனது, எங்கே தவறினோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் காலம். ஜூனில் நட்டால் அடுத்த நாளே வெயிலைத் தாங்க வேண்டும். புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே வேர் பிடிக்க வைத்துவிடும்.

அடுத்தது கறுப்புப் பை. அதைக் கிழித்து எடுத்துவிட்டு, அடியில் சுருண்ட வேரை மெல்லப் பிரித்துவிடுங்கள். பட்டுப்போன ஒரு கன்றைத் தோண்டிப் பார்த்தேன். பையோடு புதைத்திருந்தார்கள், வேர் உள்ளேயே வட்டமடித்துக் கிடந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஏரிக்கரைக்கு என் தேர்வு பனைதான். கன்றே வேண்டாம், விதையை ஊன்றினால் போதும். முளை முதலில் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும், அப்புறம்தான் ஓலை மேலே வரும். அதனால்தான் வறட்சியைத் தாங்குகிறது. தெருவுக்குப் புங்கனும் வேம்பும் வையுங்கள். பூவுக்காக செம்மயிற்கொன்றை (குல்மோகர்) வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் அவை ஏராளமாகச் சாய்ந்தன.

சரி, தண்ணீர்? ஒரு கன்றை ஒரு வீடு ஏற்றுக்கொள்ளட்டும். இரண்டு கோடைக்கு, வாரம் இரண்டு முறை ஒரு குடம். ஆடு மேயாதபடி முள்வேலியும் கட்டிவிடுங்கள்.