எண் எப்படி வந்தது என்று சொல்லுங்கள்: சமவாய்ப்பு எண் பற்றிய கேள்வி பதில்

காரைக்குடி மாணவி: 7 சமவாய்ப்பு எண்ணா (random number)?

எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அம்மா. குடத்துக்குள் கைவிட்டு, பார்க்காமல் எடுத்த 7 சமவாய்ப்பு எண். ராசி என்று நீங்களே எழுதிய 7 அல்ல. சமவாய்ப்பு, எண்ணுக்கு உரியதல்ல. அது வந்த வழிக்கு உரியது.

தேவகோட்டை வாசகர்: தாயத்தில் சோழி மல்லாந்து விழுவதும் கவிழ்ந்து விழுவதும் சரிபாதி இல்லையே?

இருக்க வேண்டியதில்லை. 1933இல் ரஷ்யக் கணித அறிஞர் கோல்மகோரோவ் வகுத்த அடிப்படைகளில் நிகழ்தகவு, அதாவது ஒன்று நடக்கும் வாய்ப்பின் அளவு, குறையெண் ஆகக்கூடாது, மொத்தம் 1 ஆக வேண்டும் என்று உண்டு. எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று இல்லை.

பள்ளத்தூர் வாசகர்: ஐந்து முறை தலை விழுந்தால் அடுத்தது பூதானே?

இல்லை. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. அப்போதும் பாதிக்குப் பாதிதான்.

கானாடுகாத்தான் ஆச்சி: எங்கள் குலுக்கல் சீட்டில் 20 பேர். 12 மாதமாக என் பெயர் வரவில்லை. இனி வாய்ப்புக் கூடாதா?

கூடும், ஆச்சி. நாணயத்தைப் போன்றதல்ல சீட்டுக் குடம். எடுத்தவர் பெயரை விலக்கிவிடுகிறீர்கள்; மிச்சம் 8 பேர். இந்த மாதம் உங்களுக்கு 1/8.

புதுவயல் வாசகர்: ஆரம்பத்தில் 1/20, இப்போது 1/8. இது அநியாயம்!

அநியாயமே இல்லை. 12 மாதம் பெயர் வராமலிருக்க வாய்ப்பு 8/20. அதன் பிறகு 13ஆம் மாதம் வர 1/8. பெருக்கினால் 1/20. சீட்டு தொடங்கும் நாளில் எந்த மாதத்தைச் சொன்னாலும் எல்லாருக்கும் இதே கணக்குத்தான்.

ஆச்சி (மறுபடியும்): அப்படியானால் 1/8 பொய்யா?

இரண்டும் மெய். முதல் நாள் தெரியாத 12 பெயர்கள் இன்று தெரியும். தெரிந்தது மாறினால் நிகழ்தகவும் மாறும். நான் அஞ்சுவது வேறு விஷயத்துக்கு. துண்டுகளை ஒரே அளவில் மடிக்கிறீர்களா? அடிவரை கலக்குகிறீர்களா? 1969இல் அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆளெடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கினார்கள். கடைசியாகப் போட்ட டிசம்பர் தேதிகள் சரியாகக் கலக்காமல் மேலேயே கிடந்ததால், அந்த மாதத்தில் பிறந்த பலர் முன்னதாகவே சிக்கினார்கள். உயிரோடு விளையாடிய குலுக்கல் அது. குடத்தைக் கலக்குங்கள்!

கோட்டையூர் வாசகர்: லாட்டரிக்கு ராசியான எண்?

தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலேயே தடை செய்யப்பட்டது. ராசிக்கு முதல் பதிலைப் படியுங்கள்.

செட்டிநாடு வாசகர்: என் வண்டி எண்ணின் கூட்டுத்தொகை 9. அது சமவாய்ப்பா?

மறுபடியும் எண்ணை மட்டும் காட்டுகிறீர்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள், பேசலாம்.

காரைக்குடி ஆசிரியர்: வட்டக் கணக்கில் வரும் பை (π = 3.14159...) எண்ணின் இலக்கங்கள் சமவாய்ப்பா?

ஒவ்வொன்றும் முன்பே தீர்மானமானது; யார் கணக்கிட்டாலும் அதே இலக்கம்தான். இருந்தும் புள்ளியியல் சோதனைகளில் குலுக்கி எடுத்தது போலவே நிற்கிறது. பத்து இலக்கங்களும் கடைசிவரை சம அளவில் வருமா என்பதை இன்றுவரை யாரும் நிறுவவில்லை. உங்கள் மாணவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.