எடைக் குறைப்பு: கேள்வி பதில்

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): மூன்று மாதங்களாக நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. நடையால் பயன் இல்லையா?

பதில்: பயன் உண்டு, ஆனால் எடையை நடை மட்டுமே குறைத்துவிடாது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 130 முதல் 150 கலோரி செலவாகும். வீடு திரும்பியதும் காபியோடு உண்ணும் ஒரு மெதுவடை அதை ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிடும். நீங்கள் சோற்றைக் குறைத்திருப்பீர்கள். தாளிப்பு, தோசைக்கல், பொரியல் என மூன்று வேளையும் சேரும் எண்ணெயை அளந்திருக்க மாட்டீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் உள்ளது. நான் பலருக்கும் சொல்லும் வழி இது: ஆளுக்கு அரை லிட்டர் என்ற கணக்கில், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாத முதல் நாளில் இரண்டு லிட்டர் வாங்குங்கள், அது தீரும்வரை அடுத்த பாக்கெட்டைத் தொடாதீர்கள். முதல் மாதம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடையை நிறுத்தாதீர்கள், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் இருக்க அது பெரிதும் துணை செய்யும்.

கேள்வி (மாணவர், கோவை): வெறும் வயிற்றில் தேன் கலந்த வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையுமா?

பதில்: கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது.

கேள்வி (இரவுப் பணியாளர், சென்னை): இரவு இரண்டு மணிக்குக் கடும் பசி எடுக்கிறது, பரோட்டாதான் கிடைக்கிறது. தேநீர் ஐந்து முறை குடிப்பேன்.

பதில்: கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், ஐந்து தேநீரில் 50 கிராம், அதாவது 200 கலோரி சேர்கிறது. முதலில் அதைப் பாதியாக்குங்கள். பணிக்குக் கிளம்புமுன் முழு உணவை உண்டுவிட்டு, நள்ளிரவுக்கு ஒரு டப்பா சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ கையோடு கொண்டு செல்லுங்கள். புரதம் பசியைத் தள்ளிப்போடும். பகலில் உறக்கம் குறைந்தாலும் பசி மிகும் என்பதால், சன்னலுக்குக் கனமான திரை போட்டு உறங்குவதும் இந்த முயற்சியில் ஒரு பகுதிதான்.

கேள்வி: அரிசிக்குப் பதில் கேழ்வரகுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம், நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் இரண்டின் கலோரியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், மூன்று உருண்டைக் களி உண்டுவிட்டு இளைக்கவில்லையே என்று வருந்தக் கூடாது.

கேள்வி (ஓய்வு பெற்றவர், 61 வயது, நீரிழிவு உண்டு): மூட்டுவலியால் நடக்க இயலவில்லை. இரவு உணவை விட்டுவிடலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் விடாதீர்கள். இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். நடைக்கு மாற்றாக, உறுதியான நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சியைப் பத்து முறை, வலி கூடாத அளவில், வாரம் இரண்டு மூன்று நாட்கள் செய்து பாருங்கள். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும்.