நீலகிரிப் பாறையில் கடல் சிப்பி கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரி ரோட்டில் வெட்டிய பாறையில் வரி வரியாக அடுக்குகள் தெரிகின்றன. ஓர் உருண்டைக் கல்லில் சிப்பி போல வளையங்களும் பார்த்தேன். இமயமலை மாதிரி நீலகிரியும் ஒரு காலத்தில் கடலடியில் இருந்ததா?

பதில்: சிப்பி கிடைக்காது. நான் குன்னூர்க்காரன், ஜியாலஜி படித்தவன். கிடைக்கும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், பாறை விடவில்லை.

நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட். பல்லாவரம் மலையில் பார்ப்பீர்களே, அதே இனக் கருங்கல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. ஓடுள்ள கடலுயிர்கள் பரவலாகத் தோன்றியதே சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அப்படியே ஒரு சிப்பி அந்த ஆழத்துக்குப் போயிருந்தாலும் உருத்தெரியாமல் போயிருக்கும். பழனி மலையும் இதே ரகம்தான். கொடைக்கானலில் தேடியும் பயனில்லை.

நீங்கள் பார்த்த வரிகள் கடலில் படிந்த வண்டல் அல்ல. அழுத்தத்தில் கனிமங்கள் தனித்தனியாக ஒதுங்கிப் பட்டை பட்டையாக நின்றவை. கிட்டப்போய்ப் பார்த்தால் சிவப்புப் பொட்டுகளாகக் கார்னெட் என்ற கனிமம்கூடத் தெரியலாம். வளையம் வளையமாக இருந்தது, மழைநீர் விரிசல் வழியே இறங்கிப் பாறையை வெங்காயம் போல உரித்த வேலை. செம்மண் சரிவுகளில் இது சர்வசாதாரணம்.

இமயமலைக் கதை வேறு. இந்திய நிலத்தட்டு ஆசியாவை முட்டியபோது நடுவிலிருந்த டெதிஸ் கடலின் படிவுகள் மடிந்து மேலே ஏறின. அதனால்தான் எவரெஸ்ட் உச்சியிலேயே கடலுயிர்த் துணுக்குகள் கொண்ட சுண்ணாம்புக்கல் இருக்கிறது. நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமமும் பெரும்பாலும் கண்டகி ஆற்றில் வரும் அம்மோனைட்தான், அதாவது சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிரின் புதைபடிவம்.

தமிழ்நாட்டில் கடல் வேண்டுமென்றால் மலையை விட்டுக் கீழே இறங்குங்கள். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம். பொட்டல் வெயில், முள்காடு, சிமென்ட் லாரி, அழகு என்று எதுவும் இருக்காது. ஆனால் டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் ஏறி ஏறி இறங்கியது. காரை கிராமத்தின் அரிப்புப் பள்ளங்களில் அம்மோனைட் துண்டுகளும், கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட்டின் துண்டுகளும். கல்லங்குறிச்சியில் சிமென்ட் ஆலைக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் கல்லாகிப்போன மரம், கடலுக்கு அடித்துவரப்பட்டுப் புதைந்தது. 19-ம் நூற்றாண்டில் இந்தப் படிவங்களை விரிவாக எழுதிய நிலவியலாளர் ஸ்டோலிச்கா, இமயமலையின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் வேலை செய்தவர். 1874-ல் லடாக் பக்கம் இறந்தார். மலைக்கடலையும் சமவெளிக்கடலையும் ஒரே ஆள் பார்த்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பொறாமை உண்டு.

நீலகிரியில் அடுக்குதான் பார்க்க வேண்டும் என்றால், ஊட்டியை ஒட்டிய சாண்டிநல்லா சதுப்பின் கருப்பு மண்ணைச் சொல்வேன். மக்காமல் அழுந்திய செடிகொடிகளின் படிவு, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்தது. அதிலுள்ள கார்பன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தைப் பார்த்து, எப்போது புல்வெளி, எப்போது சோலைக்காடு என்று பிரிக்கிறார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் உறைந்து கிடந்தபோது, இங்கே வறட்சி, புல்தான் மேலோங்கி இருந்தது. அரியலூர் போவதானால் மார்கழி, தையில் போங்கள். வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டால் காரையில் எதைத் தேடுவது என்று கண் பழகிவிடும்.