மகளுக்கு எந்த வேலை? கட்டடங்களின் தரவைப் படிக்கும் துறை பற்றி ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் இயந்திரப் பொறியியல் முடித்திருக்கிறார். கையில் இரண்டு வேலைகள். ஒன்று பெரிய மென்பொருள் நிறுவனத்தில். மற்றொன்று, கட்டடங்களின் மின்செலவைத் தரவுப் பகுப்பாய்வின் மூலம் குறைத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனத்தில். அவர் இரண்டாவதற்குத்தான் போவேன் என்கிறார். "ஏசி மெஷினைப் பார்த்துக்கொள்ளவா இவளை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நிறுவனம் அவரை இயந்திர அறைக்கும் அனுப்ப வேண்டும். நாள் முழுவதும் திரைக்கு முன்னால் மட்டும் உட்கார வைக்கும் வேலையென்றால் மென்பொருள் நிறுவனமே மேல். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல இந்தத் தொழிலின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும்.

உலகில் இறுதியாகப் பயன்படுத்தப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை இயக்கவே செலவாகிறது. குளிரூட்டல், சூடாக்கல், விளக்கு, நீரேற்றம், லிஃப்ட் என்று எல்லாம் அதில் அடக்கம். பெரிய அலுவலகம், மருத்துவமனை, விமான நிலையம் போன்ற இடங்களில் இவற்றைக் கட்டுப்படுத்த ஒரு கணினி அமைப்பு இருக்கும். பி.எம்.எஸ். என்பார்கள். வெப்பநிலை, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, மோட்டார் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று ஆயிரக்கணக்கான அளவீடுகளை அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிந்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவுகளைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. யாராவது "வேர்க்கிறது" என்றோ "குளிர்கிறது" என்றோ புகார் சொன்னால்தான் பார்ப்பார்கள். பணம் வீணாவதோ, பெரும்பாலும் யாரும் புகார் சொல்லாத இடங்களில்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கட்டடத்துக்குள் காற்றைப் பக்குவப்படுத்தி அனுப்பும் ஏ.எச்.யூ. என்ற இயந்திரத்தில் வெந்நீர்ச் சுருள் ஒன்றும் குளிர்நீர்ச் சுருள் ஒன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் வால்வு தேய்ந்துபோய், "மூடு" என்று கட்டளை வந்த பிறகும் கசிகிறது. காற்று கொஞ்சம் சூடாகிறது. அதைக் கவனித்த கட்டுப்பாட்டு அமைப்பு குளிர்நீர் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து சரிக்கட்டிவிடுகிறது. அறைக்கு வரும் காற்று கச்சிதமாக 13 டிகிரியில் இருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. வெந்நீர் தரும் கொதிகலனும் குளிர்நீர் தரும் சில்லரும் ஒன்றை ஒன்று எதிர்த்து மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பில்களும் ஏறும்.

தரவைப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? வெந்நீர் வால்வுக்குப் போகும் கட்டளை பூஜ்யம். ஆனால் அந்தச் சுருளைத் தாண்டிய காற்று, அதற்கு முன்பிருந்ததைவிட நான்கு டிகிரி சூடாக இருக்கிறது. ஒரு சின்ன விதி எழுதினால் கணினியே இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். இதுவரை வேலை சுலபம். இதற்குப் பிறகுதான் கணினிக்குத் தெரியாத கேள்விகள் வருகின்றன. கசிவது வால்வுதானா, அல்லது இரண்டு சென்சார்களில் ஒன்று பொய் சொல்கிறதா? வெந்நீர்க் குழாயில் கையால் மூடும் வால்வை அடைத்துவிட்டு, வித்தியாசம் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறைந்தால் வால்வு, மறையாவிட்டால் சென்சார். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. காற்றின் ஈரத்தை எடுப்பதற்காக வேண்டுமென்றே குளிரவைத்து, பிறகு சூடாக்கும் வடிவமைப்புகளும் இருக்கின்றன. அங்கே இரண்டும் சேர்ந்து ஓடுவது பழுது அல்ல. வடிவமைத்தவரின் நோக்கம் தெரியாதவர் அதையும் தவறு என்று அறிக்கை எழுதி அனுப்புவார். கட்டடத்தை நடத்தும் ஆபரேட்டர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, அடுத்த அறிக்கையைத் திறக்கவே மாட்டார்.

இங்கேதான் உங்கள் மகளின் படிப்புக்கு மதிப்பு. பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் ஒரு கோடு வளைவதைப் பார்த்து, அந்த நேரத்தில் காற்றுவழியை அடைக்கும் எந்தத் தடுப்பு (டாம்பர்) மூடியிருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. கல்லூரியில் சலிப்போடு படித்த விதிகள் இங்கே பணமாகின்றன. விசிறி இழுக்கும் மின்சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்ப மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால், கோட்பாட்டின்படி மின்தேவை ஏறத்தாழ பாதியாகிவிடும். இதை அறிந்தவர், இரவிலும் முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறியின் வரைபடத்தைக் கண்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அறியாதவருக்கு அது ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான்.

இது வெறும் நம்பிக்கைப் பேச்சல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்திய நிறுவனங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டது. மீட்டர் அளவீடுகளை அலசிக் காட்டும் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் கிடைத்த சேமிப்பின் இடைநிலை அளவு 3 சதவீதம். இயந்திரங்களுக்குள் புகுந்து பழுதைக் கண்டறியும் மென்பொருள் வைத்திருந்தவர்களுக்கு 9 சதவீதம். "40 சதவீதம் மிச்சம்" என்று விளம்பரம் செய்பவர்களைப் பற்றி மகளை எச்சரித்து வையுங்கள். ஒரு பெரிய கட்டடத்தின் ஆண்டுக் கட்டணத்தில் 9 சதவீதம் என்பதே ஒரு பொறியாளரின் சம்பளத்துக்கு நியாயம் சொல்லப் போதுமானது.

இனி, வேலை எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டியவை. முதல் ஆண்டின் பெரும்பகுதி பகுப்பாய்வில் போகாது; தரவைச் சுத்தம் செய்வதில் போகும். ஒரே மாதிரியான சென்சாருக்கு ஒரு மாடியில் ஒரு பெயர், அடுத்த மாடியில் வேறு பெயர். மீட்டர் பழுதாகி நின்ற நாட்கள் பூஜ்யமாகப் பதிவாகியிருக்கும். அதை நம்பினால் அன்று கட்டடம் மின்சாரமே எடுக்கவில்லை என்று முடிவுகட்டிவிடுவோம். ஒரு மீட்டர் கிலோவாட்டில் சொல்லும். இன்னொன்று யூனிட்டில், அதுவும் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே போகும். சக்திக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பரீட்சையில் சரியாக எழுதியவர்களே இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழியாக பேக்நெட் 1995லேயே வந்துவிட்டது. ஆனால் பேசும் விஷயத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில்தான் இன்றுவரை இழுபறி. ஹேஸ்டாக், பிரிக் போன்ற பெயரிடும் முறைகள் வந்தது இதற்காகவே. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த ஓராண்டு கசக்கும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சேமித்த மின்சாரத்தை அளக்க எந்த மீட்டரும் கிடையாது. செலவானதைத்தான் மீட்டர் காட்டும். வேலையைச் செய்யாமல் விட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து உண்மைச் செலவைக் கழித்தால் வருவதே சேமிப்பு. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு வெயில் குறைவாக இருந்தால் பில் தானாகவே குறையும். அதைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்தாலும் அதே கதைதான். எனவே வெப்பநிலை, வேலை நாள், பயன்பாட்டு நேரம் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் அடிப்படைச் சமன்பாடு உருவாக்குகிறார்கள். ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச நெறிமுறை இதற்கு நான்கு வழிகளை வகுத்திருக்கிறது. ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கத்தின் 14ஆம் வழிகாட்டி, சமன்பாடு எவ்வளவு பிசகலாம் என்று வரம்பு சொல்கிறது: மாத அளவீடுகளில் 15 சதவீதம், மணி அளவீடுகளில் 30 சதவீதம். சேமிப்பிலிருந்தே கட்டணம் வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தங்களில் இந்தக் கணக்கைப் போடுபவரை நம்பித்தான் இரு தரப்பும் கையெழுத்திடுகின்றன. புள்ளியியல் தெரிந்த, நேர்மையான ஆளுக்கு இங்கே நிலையான இடம் இருக்கிறது.

"செயற்கை நுண்ணறிவு வந்து இந்த வேலையையும் எடுத்துக்கொள்ளாதா?" என்றும் கேட்டிருந்தீர்கள். 2016இல் கூகுள் தன் தரவு மையங்களில் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் கணினி முறையைப் பயன்படுத்தி, குளிரூட்டலுக்கு ஆகும் ஆற்றலை 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது. கட்டடம் முழுவதிலும் அல்ல, குளிரூட்டலில் மட்டும் என்பதைக் கவனியுங்கள். தரவு மையம் என்பது இரவும் பகலும் ஒரே வேலை செய்யும் இடம், சென்சார்கள் ஏராளம், கட்டடம், கணினி, ஆட்கள் எல்லாம் ஒரே கைக்குள். சாதாரண அலுவலகக் கட்டடத்தில் பாதி சென்சார்களின் பெயரே தெரியாது, வாடகைக்கு இருப்பவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். வரைபடம் போடுவதும் விதி எழுதுவதும் கணினிக்குப் போகும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வால்வைப் போய்ப் பார்ப்பதும் ஆபரேட்டரைச் சம்மதிக்க வைப்பதும் இருக்கும். நான் போட்ட நிபந்தனைக்கு இதுவே அடிப்படை.

சேர்வதற்கு முன்பு இருக்கும் வாரங்களை மகள் வீணாக்க வேண்டாம். ஆஷ்ரே 2019இல், தரவுப் போட்டிகள் நடக்கும் காகில் இணையதளத்தில் ஆற்றல் பயன்பாட்டைக் கணிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. அதோடு தொடர்புடைய தரவுத் தொகுப்பு, 1,636 கட்டடங்களின் 3,053 மீட்டர்கள் இரண்டு ஆண்டுகள் மணிக்கு மணி பதிந்த அளவீடுகள், இலவசமாகக் கிடைக்கிறது. எல்லோரும் அதை எடுத்துக் கணிப்புப் போட்டிக்குத்தான் ஓடுகிறார்கள். அவர் ஒரே ஒரு கட்டடத்தை எடுக்கட்டும். நள்ளிரவில் எவ்வளவு மின்சாரம் போகிறது, விடுமுறை நாளில் எவ்வளவு, வெளி வெப்பநிலை எந்த டிகிரியைத் தாண்டியதும் கோடு மேலே திரும்புகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் இருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். அடுத்த நேர்காணலில் எந்தச் சான்றிதழையும்விட அந்த இரண்டு பக்கங்கள் அதிகம் பேசும். பைத்தானில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ், தரவுத்தளத்தைக் கேட்டு எடுக்கக் கொஞ்சம் எஸ்.க்யூ.எல். போதும். கட்டடத்தைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க எனர்ஜிபிளஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். சி.இ.எம். போன்ற ஆற்றல் மேலாளர் சான்றிதழ்களுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அவை துறை அனுபவத்தையும் கேட்பவை, சில ஆண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நிறுவனத்திடம் அவர் கேட்க வேண்டியவை சில. மாதத்தில் எத்தனை நாள் கட்டடங்களுக்குப் போக வேண்டியிருக்கும்? கண்டுபிடித்த பழுதுகளில் உண்மையில் சரிசெய்யப்படுபவை எத்தனை, அதை யாராவது கணக்கு வைக்கிறார்களா? இந்த இரண்டாவது கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னால் நல்ல நிறுவனம். பேச்சை மாற்றினால், அவர்கள் விற்பது கணினித் திரையில் தெரியும் அழகான வரைபடங்களை மட்டுமே என்று புரிந்துகொள்ளலாம். மூத்த பொறியாளர் ஒருவர் கூட இருந்து கற்றுக்கொடுப்பாரா என்பதையும் கேட்கட்டும். சிறிய நிறுவனங்களில் சில சமயம் புதிதாகச் சேர்ந்தவர்தான் ஒரே பொறியாளராக இருப்பார்.

தந்தையாக நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எழுதியது அல்ல. இயந்திர அறையில் சுழலும் பாகங்கள் இருக்கும், உயர் மின்னழுத்தப் பலகைகள் இருக்கும், மொட்டை மாடி ஏற வேண்டியிருக்கும். பாதுகாப்புப் பயிற்சி தருகிறார்களா, தனியாக அனுப்புவதில்லை என்ற விதி இருக்கிறதா என்பதைச் சேரும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பளத்தில் மென்பொருள் நிறுவனம் தொடக்கத்தில் முந்தியிருக்கலாம். உங்கள் வீட்டில் கடன் தவணை நெருக்குகிறது என்றால் அது சின்ன விஷயம் அல்ல. அப்போது என் பதிலும் மாறும். அப்படி நெருக்கடி இல்லையென்றால் தடுக்காதீர்கள். சீமென்ஸ், ஹனிவெல், ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ஷ்னைடர் எலக்ட்ரிக் போன்ற கட்டுப்பாட்டுக் கருவித் தயாரிப்பாளர்கள், ஆற்றல் சேவை நிறுவனங்கள், மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் பராமரிக்கும் நிர்வாகங்கள் என்று மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு கதவு தட்ட இடங்கள் இருக்கின்றன. தரவு கையாளத் தெரிந்தவர் என்பதால் மென்பொருள் பக்கம் திரும்பும் வழியும் அடைபடாது. அங்கிருந்து இங்கே வருவதுதான் கடினம், ஏனென்றால் பம்ப் அறையில் கற்பதை அலுவலக மேசையில் கற்க முடியாது. வேலை உத்தரவுக்குப் பதில் சொல்லக் கடைசித் தேதி எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் ஒருநாள் அவர்களுடைய கட்டடம் ஒன்றுக்கு மகளைக் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். சிறிய நிறுவனங்கள் பொதுவாக மறுப்பதில்லை.