பால்சோற்றுக்குப் போகும் பணத்தில் பூனைக்குக் கறி

கேள்வி: நாங்கள் தூத்துக்குடியில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்று நான்கு வயதுப் பெண் பூனை, இன்னொன்று நான்கு மாதக் குட்டி. இவை போகத் தெருப்பூனைகள் நான்கு தினமும் வாசலுக்கு வருகின்றன. பால்சோறு, பிஸ்கட், மீன் தலை, கோழி ஈரல் என்று மாதம் 2500 ரூபாய் வரை ஆகிறது. அதற்கு மேல் முடியாது. பெரிய பூனைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஈரல் சோறு தவிர எதையும் தொடாத குட்டி, ஒரு வாரமாகப் பின்னங்காலை ஊன்றாமல் நொண்டுகிறது. என்னதான் கொடுப்பது?

பதில்: முதலில் குட்டியைப் பார்ப்போம், அதற்குத்தான் அவசரம். ஈரலில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, கால்சியம் பெயருக்குத்தான். சோற்றிலும் கால்சியம் கிடையாது. வளரும் குட்டிக்கு வாரக்கணக்கில் இதையே கொடுத்தால், ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவத் தொடங்கும். எலும்பு மெலிந்து, நாற்காலியிலிருந்து குதித்தால்கூட முறிந்துவிடும். உங்கள் குட்டிக்கும் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அடிபட்டிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ இந்த வாரமே கொண்டுபோங்கள். அதுவரை குதிக்க முடியாதபடி ஒரு பெரிய கூடையிலோ சின்ன அறையிலோ வைத்திருங்கள். காலைப் பிடித்துவிடுவது, எண்ணெய் தேய்த்து நீவுவது எதுவும் வேண்டாம். நீங்களாகக் கால்சியம் மருந்து வாங்கி ஊற்றவும் வேண்டாம். இந்தக் கோளாறுக்கு முக்கிய மருந்தே சரியான சாப்பாடுதான். குட்டிகளுக்கென்று விற்கும் உலர் தீவனத்தை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து ஒரு நாளைக்கு நான்கு வேளையாகக் கொடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து உணவை மாற்றினால் பெரும்பாலான குட்டிகள் நன்றாகத் தேறிவிடும்.

இனி பணம். உங்கள் 2500 ரூபாய் போதும். ஆனால் அதில் ஒரு பெரிய பங்கு பூனைக்குத் தேவையில்லாததற்குப் போகிறது. தினம் அரை லிட்டர் பால் என்றால், லிட்டர் 40 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 600 ரூபாய். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. பெரிய பூனையின் வயிற்றுப்போக்குக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பத்து நாள் பாலை அடியோடு நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மலத்தைப் பரிசோதித்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பிஸ்கட் மாவும் சர்க்கரையும்தான். பூனையின் நாக்கு இனிப்பையே உணராது. அதுவும் வீண்.

பூனை புலியின் இனம், இறைச்சி இல்லாமல் அதன் உடல் ஓடாது. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. நம் உடல் அதைத் தானே செய்துகொள்ளும், பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. கறியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பார்வை போகும், இதயத் தசை தளர்ந்துபோகும். 1987-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதயம் தளர்ந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது பல பூனைகள் மீண்டன. அதற்குப் பிறகுதான் தீவனக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. பால்சோற்றில் டாரின் இல்லை என்றே சொல்லலாம். சோயாவிலும் இல்லை. நாய்த் தீவனமும் பூனைக்குப் போதாது, விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வரை வேண்டும். முழுக்க உலர் தீவனம் என்றால் ஏறக்குறைய 60 கிராம். முழுக்க வீட்டுச் சமையல் என்றால் சத்துக்கள் சரியாக அமைவது கடினம், தனியாகச் சத்துப் பொடிகள் சேர்க்க வேண்டியிருக்கும். அதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு நான் சொல்வது பாதிக்குப் பாதி: 30 கிராம் உலர் தீவனம், 75 கிராம் வேகவைத்த கறி. தீவனம் விட்டமின்களைப் பார்த்துக்கொள்ளும், கறி புரதத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்ளும்.

கறியை இப்படிச் செய்யுங்கள். நெஞ்சுக் கறி வேண்டாம், விலையும் அதிகம், டாரினும் குறைவு. எலும்பு நீக்கிய தொடைக் கறி அரைக் கிலோ, கோழி இதயம் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இதயத்தை ஈரலோடு சேர்த்துத்தான் போடுவார்கள், பிரித்துக் கேளுங்கள். டாரின் நிறைந்த மலிவான கறி அதுதான். ஈரல் 25, 30 கிராம் போதும். அளவோடு கொடுத்தால் ஈரல் நல்லது. தினமும் நிறையக் கொடுத்தால் விட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பும் முதுகெலும்பும் இறுகிப்போகும். ஒரு முட்டை, ஒரு பிடி சோறு. முட்டை ஓட்டைக் கழுவி வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து, அரை டீஸ்பூன் குவித்துச் சேர்த்தால் கால்சியம் ஆயிற்று. கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடி வேகவையுங்கள். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், வெந்த தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு பிசைந்து கொடுக்க வேண்டும். சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் இறக்குங்கள்.

உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது, அவை பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மிஞ்சிய மீன் குழம்பில் பிசைந்த சோறு நம் ஊரில் காலங்காலமாகப் பூனைக்குப் போவதுதான். ஆனால் அதில் அரைத்த வெங்காயமும் பூண்டும் எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். வெந்த எலும்பும் ஆபத்து, குத்தி நிற்கும்.

உங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமில்லை. மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி, வேகவைத்து, நடுமுள்ளை எடுத்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் கொடுங்கள். பச்சையாகக் கொடுக்காதீர்கள். சில மீன்களில் விட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால்தான் அது போகும். தினமும் எண்ணெய் மீனே கொடுத்தால் விட்டமின் இ குறைந்து தோலடிக் கொழுப்பு வீங்கி வலிக்கும். தலையில் முள்தான் அதிகம், சதை குறைவு. கருவாடு உப்பு, வேண்டவே வேண்டாம்.

தீவனம் வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டுப் பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்க வேண்டும். டாரின் பெயர் இருக்க வேண்டும். அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஏ.ஏ.எஃப்.சி.ஓ.வின் அளவுகோல்படி ஈரம் நீங்கலாகப் புரதம் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதம், குட்டிக்கு 30 சதவீதம். இவை இருந்தால் நடுத்தர விலைத் தீவனமே போதும். பெரிய பை வாங்கினால் கிலோவுக்கு நல்ல லாபம். கடற்கரைக் காற்றில் கொழுப்பு சீக்கிரம் காறிவிடும் என்பதால், பையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒன்றரை மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூட்டையைப் பிரித்துச் சில்லறையில் நிறுத்துத் தருவதை வாங்காதீர்கள், காலாவதி தேதியே தெரியாது.

கணக்கு இப்படி வரும். குட்டிக்கு தினம் 45 கிராம் குட்டித் தீவனம், கிலோ 400 ரூபாய் என்றால் மாதம் 540. பெரியதற்கு 30 கிராம் தீவனம், கிலோ 350 என்றால் 315. அதற்கான கறி மாதம் 2 கிலோ 250 கிராம், சராசரியாகக் கிலோ 220 என்றால் 495. ஆக வீட்டுக்கு 1350 ரூபாய். மீதி 1150-இல் தெருப்பூனை நான்குக்கும் தலா 30 கிராம், கிலோ 300 ரூபாய்த் தீவனமாகப் போட்டால் 1080. விலையை உங்கள் கடைப்படி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது கிராம் என்பது தெருப்பூனைக்குப் பாதித் தேவைதான். மத்தி வேகவைக்கும் நாளில் அவற்றுக்கும் சேர்த்துப் போடுங்கள். மற்றபடி அவை எலியும் பல்லியும் பிடிக்கும், நாலு வீடு போகும்.

தெருப்பூனைகளுக்கு ஒரே நேரம், ஒரே இடம். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ராத்திரி விட்டுவைத்தால் பெருச்சாளிதான் தின்னும், அக்கம்பக்கத்தில் சண்டையும் வரும். தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் எப்போதும் இருக்கட்டும். 2023-இன் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல்வழி இவற்றை விட்டுத் தள்ளி உணவு வைக்கச் சொல்கின்றன. அதன்படியே நடந்துகொள்ளுங்கள்.

பாலை நிறுத்துவது தவிர, மற்ற மாற்றங்களை ஒரே நாளில் செய்யாதீர்கள். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள். பசித்தால் தின்னும் என்று பட்டினி போடுவது பூனையிடம் செல்லாது. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே, முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். அப்புறம், தெருவில் ஆண் பூனை ஏதாவது சிறுநீர் வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மறுநாள் வரை தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். தெருப்பூனை நான்கில் பெண் எத்தனை என்று பாருங்கள். நான்கைந்து மாதத்திலேயே ஒரு பெண் பூனை பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். நன்றாகத் தீனி போட்டுக் கருத்தடை செய்யாமல் விட்டால் அடுத்த வருடம் 2500 ரூபாய் எந்த மூலைக்கும் காணாது. குட்டியை எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோகும் அன்றே பெண் பூனைகளின் கருத்தடைக்கும் நாள் கேட்டு வாங்கிவிடுங்கள், உங்கள் வீட்டுப் பூனைக்கும் சேர்த்து. வெறிநாய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டுக்கொள்ளலாம்.