நான்கு கோர்கள் ஓடுகின்றன என்றால் அவற்றின் எண்கள் 0, 1, 2, 3 தானா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: எட்டு கோர் ஆர்ம் போர்டு. எல்லா கோர்களும் ஓடும்போது லினக்ஸ் கெர்னல் நாள்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. சூடு குறைய வேண்டும் என்று சில கோர்களை அணைத்தால் பேனிக் ஆகிறது (கெர்னல் பிழையில் நின்றுவிடுகிறது), அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக எண்ணிக்கை வைத்திருக்கும் ஒரு அரே உங்கள் டிரைவரில் இருக்கிறது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் பட்டது அந்த வரிதான். கிட்டத்தட்ட இதே சிக்கலில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையதும் எட்டு கோர் போர்டு. சின்ன கோர்கள் 0 முதல் 3 வரை, பெரிய கோர்கள் 4 முதல் 7 வரை. கெர்னல் 4.19. பெட்டி சூடாகக் கூடாது என்பதற்காக பூட் ஆகும்போதே ஒரு ஸ்கிரிப்ட் நான்கு கோர்களை அணைத்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் டிரைவர் மாட்யூல் ஏறும். ஏறிச் சில நிமிடங்களில் கெர்னல் விழும். ஒரு தடவை ஃபைல் சிஸ்டத்தில் விழுந்தது, இன்னொரு தடவை நெட்வொர்க் அடுக்கில், இன்னொரு தடவை கேமெலாக் (கெர்னலுக்குள் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) உள்ளேயே. விழுந்த இடங்கள் எதிலும் எங்கள் டிரைவரின் பெயர் இல்லை. அதனால் முதல் சந்தேகம் ரேம் மேல் போனது. இரவு முழுக்க மெமரி சோதனை ஓட்டினோம், ஒரு பிழையும் வரவில்லை. பிறகு பவர் சப்ளையை மாற்றினோம். அதிலும் ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் எத்தனை கோர் இருந்தால் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 8, 7, 6, 5 வரை ஒரு பிரச்சினையும் இல்லை. 4 ஆனதும் விழுகிறது. கோர் குறைந்தால் ஒரே நேரத்தில் மோதுகிற வாய்ப்பும் குறையத்தானே வேண்டும், இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று குழம்பினேன். இதை வைத்து லாக் (பூட்டு) கோளாறு என்று நினைத்து மூன்று நாள் போனது.

விடை கிடைத்தது, தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில். ‘/பிராக்/இன்டரப்ட்ஸ்’ கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோர்களின் பெயர்கள் மட்டும் அங்கே தலைப்பாக வரும். எங்களுடையதில் இருந்தது: சிபியூ0, சிபியூ1, சிபியூ4, சிபியூ5. ஸ்கிரிப்ட் சின்ன கோர் இரண்டும் பெரிய கோர் இரண்டும் விட்டுவைத்திருந்தது. ஒரு வாரமாக அந்த வரியைத் தாண்டி, கீழே உள்ள எண்களை மட்டுமே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிரைவரில் இருந்தது இதுதான். மாட்யூல் ஏறும்போது ‘நம்_ஆன்லைன்_சிபியூஸ்’ என்ற ஃபங்ஷனைக் கேட்டு, அது சொல்கிற எண்ணிக்கைக்கு அரே ஒதுக்குகிறது. இன்டரப்ட் (சாதனம் கோரைக் கூப்பிடும் சைகை) வரும்போது ‘எஸ்எம்பி_பிராசசர்_ஐடி’ கொடுக்கிற எண்ணை இன்டெக்ஸாக வைத்து அந்த அரேயில் எழுதுகிறது. முதலாவது சொல்வது எத்தனை கோர் என்று. இரண்டாவது சொல்வது எந்தக் கோர் என்று. ஒரு தெருவில் நான்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, கதவு எண் 1 முதல் 4 வரைக்கு மட்டும் தபால் பெட்டி வைத்தது போல. ஆள் இருப்பதோ 1, 2, 5, 6 ஆம் வீடுகளில்.

சரி, அப்படியானால் ஐந்து கோர் இருந்தபோது ஏன் விழவில்லை? அப்போதும் ஐந்தாம் எண் கோர் ஓடிக்கொண்டுதானே இருந்தது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், உங்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். எங்கள் அரேயில் ஒரு கோருக்கு 64 பைட். ஐந்து கோருக்கு 320 பைட் கேட்கிறோம். கேமெலாக் கேட்ட அளவை அப்படியே கொடுக்காது, தன்னிடம் இருக்கும் அடுத்த அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும். 320க்கு அடுத்தது 512. ஆக கேட்காத 192 பைட் நம் கையிலேயே சும்மா கிடக்கிறது. இன்டெக்ஸ் 5, 6, 7 மூன்றும் அந்தச் சும்மா இடத்தில் போய் விழும், யாருக்கும் சேதம் இல்லை. ஆறு கோர், ஏழு கோருக்கும் இதே கதை. நான்கு கோருக்கோ சரியாக 256. அதற்கென்றே 256 பைட் அளவு மெமரித் துண்டு, அதாவது பெட்டி, இருக்கிறது. இன்டெக்ஸ் 4 எழுதுவது பக்கத்துப் பெட்டியின் முதல் பைட்டில். தவறு எல்லா நாளும் இருந்தது, நான்கு என்ற எண்ணில்தான் அது வெளியே தெரிந்தது.

பக்கத்துப் பெட்டி யாருடையது என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்தது. பெட்டி காலியாக இருந்தால் இன்னும் மோசம். 4.19இல் காலிப் பெட்டியின் தொடக்கத்தில்தான் அடுத்த காலிப் பெட்டியின் முகவரி எழுதியிருக்கும் (5.7 கெர்னலில் அதைப் பெட்டியின் நடுவுக்கு மாற்றிவிட்டார்கள்). எங்கள் கவுண்ட்டர் அந்த முகவரியை இன்டரப்டுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனது. 256 பைட் பெட்டிகளின் முகவரி 00 என்றுதான் முடிய வேண்டும். எங்கள் பேனிக் லாக் ஒன்றில் ஒரு ரிஜிஸ்டரில் இருந்த முகவரி 03 என்று முடிந்திருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டிய தடயம் அது. உங்கள் பழைய லாக்குகளிலும் இப்படிச் சின்ன எண்ணால் நகர்ந்த முகவரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஊகம் சரிதானா என்று பார்க்க கேசான் (தவறான மெமரி இடத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கருவி) போட்டுக் கெர்னலைக் கட்டினேன். வேகம் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை, எழுதுகிற அந்த நொடியிலேயே பிடித்துவிடும். முதல் இன்டரப்டிலேயே அறிக்கை வந்தது: 256 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தள்ளி. கீழே அந்தப் பகுதியை ஒதுக்கியவர் யார் என்ற பட்டியலில் எங்கள் மாட்யூலின் பெயர். கெர்னலின் இன்னொரு மெமரி சோதனை வசதியான ஸ்லப் டீபக்கை முதலில் முயன்று ஏமாந்தேன், ஏனென்றால் அது பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஓரத்தைச் சரிபார்க்கும். எங்கள் அரே திரும்பப் போவது மாட்யூலை இறக்கும்போது மட்டும்.

திருத்தம் சின்னது. ஒவ்வொரு கோருக்கும் தனி இடம் ஒதுக்கித் தரும் ‘அலாக்_பெர்சிபியூ’ பயன்படுத்துங்கள், அரேயையும் இன்டெக்ஸையும் நீங்கள் தொடவே வேண்டாம். அரேதான் வேண்டும் என்றால் ‘என்ஆர்_சிபியூ_ஐடிஸ்’ அளவுக்கு ஒதுக்குங்கள். அது இருக்கக்கூடிய மிகப்பெரிய கோர் எண்ணுக்கு ஒன்று கூட. மொத்தக் கணக்கு கூட்டும்போது ஓடுகிற கோர்களை மட்டும் சுற்றாமல் ‘ஃபார்_ஈச்_பாசிபிள்_சிபியூ’ வைத்துச் சுற்றுங்கள், இல்லையென்றால் அணைத்த கோரில் சேர்ந்த கணக்கு காணாமல் போகும்.

வேறு இயந்திரத்தில் இது வராதே என்று கேட்டிருந்தீர்கள். வரும், மறைந்திருக்கும். பல எக்ஸ்86 சர்வர்களில் ஒரே கோரின் இரண்டாவது திரெட்கள் எண்வரிசையின் பின்பாதியில் இருக்கும். எஸ்எம்டியை (ஒரே கோரில் பல திரெட்கள் ஓட்டும் வசதியை) அணைத்தால் மிச்சம் இருப்பது 0 முதல் வரிசையாகவே வரும், தவறு தெரியாது. பக்கத்துப் பக்கத்து எண் கொடுக்கிற கணினியில் 0, 2, 4 என்று மிஞ்சும். பவர்8இல் எஸ்எம்டியை அணைத்தால் 0, 8, 16, 24. அங்கே இந்த டிரைவர் ஒரு நிமிடம் தாங்காது.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவையெல்லாம் லினக்ஸ் வைக்கிற எண்கள். சிப்புக்கு என்று வேறு எண் இருக்கிறது, சென்னைத் தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பது போல. ஆர்மில் அது எம்பிஐடிஆர் என்ற ரிஜிஸ்டரில் இருக்கும். இரண்டாவது கிளஸ்டரின் முதல் கோர் அங்கே 0x100 ஆக இருக்கலாம், லினக்ஸுக்கு அது 4. கேடம்ப் (கெர்னல் விழுந்ததும் அதன் மெமரியைச் சேமிக்க இரண்டாவது கெர்னலை எழுப்பும் வசதி) எடுக்கும்போது இது இன்னும் மாறும். விழுந்த கோரிலேயே இரண்டாவது கெர்னல் எழுவதால், அதற்கு அந்தக் கோர்தான் 0. பூட் ஆன கோர் எப்போதும் சிப்பின் முதல் கோர் என்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கோடில் ‘நம்_ஆன்லைன்_சிபியூஸ்’ வருகிற இடங்களை எல்லாம் கிரெப் செய்து, அந்த எண்ணை வைத்து எங்கே மெமரி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிறகு 2, 3, 6, 7 ஆம் கோர்களை அணைத்துவிட்டு மாட்யூலை ஏற்றி, இன்டரப்டை நான்காம் கோருக்குத் திருப்புங்கள். அது முடிந்ததும் மாட்யூலை இறக்காமலே அணைத்த கோர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, இன்டரப்டை அவற்றுக்கும் மாற்றிப் பாருங்கள். கேசான் அறிக்கை வந்தால் அதைக் கேள்வியில் சேருங்கள், சேர்ந்து பார்ப்போம்.