எம்ஜிபியில் வி8: பழைய ஓவர்டிரைவ் தாங்குமா?

உங்கள் 1972 எம்ஜிபியில் (எம்ஜி நிறுவனத்தின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ரோவரின் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை ஏற்றினால் இப்போதுள்ள ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அமைப்பு) கொண்ட கியர்பாக்ஸ் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். நிதானமாக ஓட்டினால் தாங்கும். ஆனால் ஓவர்டிரைவை நான்காவது கியரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1973-ல் எம்ஜியே இதே காரின் வி8 வகையான ஜிடி வி8-ஐக் கொண்டுவந்தபோது, முதலில் ஓவர்டிரைவை மூன்றிலும் நான்கிலும் கொடுத்துவிட்டு, எஞ்சினின் முறுக்குவிசை (சுழற்றும் விசை) அதிகம் என்பதால் சீக்கிரமே மூன்றில் எடுத்துவிட்டார்கள். ரிவர்ஸில் ஓவர்டிரைவ் பிடிக்கவே கூடாது, உள்ளிருக்கும் ஒருவழிக் கிளட்ச் போய்விடும். அதனால் ரிவர்ஸில் அதைத் தடுக்கும் சுவிட்சை நன்றாகச் சோதியுங்கள்.

அப்புறம் பின் ஆக்ஸில். பணம் இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். உங்களுடைய 3.9 விகிதத்தில் (சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.9 முறை சுற்றும்) ஹைவேயில் எஞ்சின் வீணாகக் கத்தும். தொழிற்சாலை வி8-க்கு வைத்தது 3.07. எடையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது அலுமினிய எஞ்சின். சிக்னலில் சீறிக் கிளம்புகிற ஆசை இருந்தால் மட்டும், ரோவர் எஸ்டி1 காரின் ஐந்து கியர் பெட்டியைத் தேடுங்கள்.